மூன்று நொடி இசையமைப்பாளர்

செப்டம்பர் 8, திங்கள்
இன்று காலை பத்தரை மணிக்கு, போடிநாயக்கனூரின் இசைச் சக்கரவர்த்தியாக எனக்கு முடிசூட்டப்பட்டது. சூட்டியவள் அக்கா மகள் சுஃபியா. போனில் விளையாடும் படக்கதை ஒன்று செய்கிறாள். திரையைத் தட்டத் தட்ட அடுத்த வரி வரும். ஓடுவது, சுடுவது கிடையாது. கதையும் படமும் அவள். இசை ஹக்கீமாகிய நான். தகுதி? என் ஏலக்காய்க் குடோனில் மேசைக்கு அடியில் ஒரு பழைய கீபோர்டு கிடக்கிறது.

அக்கா கமர்நிசா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். முதல் அத்தியாயத்தை அவளே விளையாடிப் பார்ப்பாளாம். நடுவில் போனைக் கீழே வைத்துவிட்டால், சுஃபியா வங்கித் தேர்வுக்குப் படிக்க மதுரை விடுதிக்குப் போக வேண்டும். பெட்டி இப்போதே கட்டி வைத்தாயிற்று.

செப்டம்பர் 9
முக்கியக் காட்சி: மலை எஸ்டேட்டில் ஓர் அம்மா தட்டில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். வேலைக்கு வெளியூர் கிளம்பிய மகள் அனுசியா, ஜீப்பு ஏறுமுன் சொல்லிக்கொள்ள வந்து நிற்கிறாள். நாற்பது வயலின், பன்னிரண்டு முரசு, ஒரு சங்கு வைத்தேன். குரங்கணி மலை அரையடி நகர்ந்திருக்கும்.

செப்டம்பர் 11
பக்கத்துக் கடை நாகூர் கனியிடம் கொடுத்துப் பார்த்தோம். டக்டக்கென்று தட்டினான். ஜீப்பு போயே போய்விட்டது. முரசு மட்டும் நிற்கவில்லை.
"யாருண்ணே படையெடுத்து வர்றது?" என்றான்.
சுஃபியா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.
படிக்கிறவன் எப்போது தட்டுவான் என்று தெரியாமல் எப்படித் தாளம் போடுவது? சினிமாக்காரனுக்கு இந்தத் தலைவலி உண்டா?

செப்டம்பர் 12
வயலினை இரண்டாகக் குறைத்தேன். பிறகு புல்லாங்குழல். பிறகு இன்னும் மெதுவான புல்லாங்குழல். கனி இன்னும் வேகமாகத் தட்டுகிறான். அந்த இடத்தில் தட்டினாலும் நகராதபடி பூட்டிவிடலாமே என்றேன்.
"பூட்டுனா அம்மா போனையே வச்சிரும் மாமா."

செப்டம்பர் 15
குடோனில் ஆறு பெண்கள் காய் பொறுக்குகிறார்கள். தகரத் தட்டில் காய் விழும் சத்தம் இருபது வருடமாக என் காதில் விழுவதே இல்லை. இன்று விழுந்தது — நின்றதால்.
மழை வரும்போல இருக்கு என்பதுபோல, முத்துப்பேச்சி சொன்னாள்: "எம் மக நாளைக்குத் திருப்பூர் போறா."
ஆறு பேர் கைகளும் நின்றன. மூன்று நொடி. பிறகு முத்துப்பேச்சியின் தட்டில் ஒரு காய் விழுந்தது. அப்புறம் எல்லார் தட்டிலும்.
அந்த மூன்று நொடிக்குள் என்ன இருந்தது? என் நாற்பது வயலினும் ஏன் அங்கே போய்ச் சேரவில்லை?

செப்டம்பர் 16
முத்துப்பேச்சியிடம் கேட்டுத் தட்டுச் சத்தத்தைப் பதிவு செய்தேன். "இதப் போயி யாரு கேப்பா மொதலாளி?" என்றாள்.
அந்தக் காட்சியிலிருந்து என் இசை முழுவதையும் எடுத்தாயிற்று. ஒரு ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்த வலி. இனிக் காய் விழும் சத்தம் மட்டும். மகள் "போயிட்டு வர்றேம்மா" என்றதும் அது நிற்கும். மூன்று நொடி கழித்துத் தொடரும். பூட்டு இல்லை. தட்டினால் போய்விடும்.

செப்டம்பர் 18
அக்கா விளையாடினாள். ஆரம்பத்தில் தையல் மெஷின் வேகம். எனக்கு வேர்த்த வேர்வையில் வைகையில் வெள்ளம் வந்திருக்கும்.
அனுசியா சொல்லிக்கொண்டாள். சத்தம் நின்றது. அக்காவின் விரலும் திரைக்கு மேலே நின்றது. காய் மறுபடி விழத் தொடங்கியது. அப்போதும் தட்டவில்லை. என்னமோ சொல்ல வாயெடுத்தேன் — சுஃபியா என் காலை மிதித்தாள்.
கடைசிவரை போனை வைக்கவில்லை. திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அந்தப் பிள்ளையப் போகச் சொன்னது யாரு?"


செப்டம்பர் 21, ஞாயிறு
அக்கா வீட்டுக்குப் போனேன். சுஃபியாவின் துணிகள் பீரோவுக்குத் திரும்பிவிட்டன. மதுரைப் பெட்டியில் அக்கா கம்பளிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.
இரண்டாம் அத்தியாயத்துக்கு ஐம்பது வயலின் போதுமா என்று யோசிக்கிறேன்.
முதல் அத்தியாயத்தின் முடிவில் சுஃபியா பெயர்கள் போட்டிருக்கிறாள். சத்தம்: முத்துப்பேச்சி. அதற்குக் கீழே — நிசப்தம்: ஹக்கீம்.