நின்று கெட்ட வண்டி

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், வண்டியும் படுத்து எழுந்துவிட்டது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. போனில்தான் பேசுகிறோமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, இல்லையென்றால் உன் அப்பா நடுவில் புகுந்து அங்கே குளிரா மழையா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் ஆற அமர உட்கார்ந்து எழுதுகிறேன், நீயும் ஓடிக்கொண்டே படிக்காமல் உட்கார்ந்து படி.

இரண்டு மாதத்துக்கு முன்னால் போனில் வண்டியைப் பற்றித் தீர்ப்புச் சொன்னாயே, அதிலிருந்து தொடங்குகிறேன். மெக்கானிக் கேட்ட தொகையைச் சொன்னதும், ஐயோ அம்மா, பத்தொன்பது வருஷத்துக் காருக்கா இவ்வளவு, ரிப்பேரே பண்ணாதீங்க என்றாய். சரி என்று நான் மூச்சு விடுவதற்குள், ஆனா வித்துடாதீங்க, நான் வந்ததும் பாத்துக்கலாம் என்றாய். ரிப்பேரும் செய்யக்கூடாது, விற்கவும் கூடாது என்றால் வண்டியை என்ன செய்வது, கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவதா? மாப்பிள்ளை உனக்கும் ஒரு படி மேலே போய்க் கலர் கலராகக் கட்டம் போட்டு ஒரு அட்டவணை அனுப்பினார். செய்தால் என்ன லாபம், செய்யாவிட்டால் என்ன லாபம் என்று வரிசையாக எழுதிவிட்டு, கடைசியில் உணர்வு மதிப்பு என்று ஒரு கட்டம் வைத்து அதை மட்டும் காலியாக விட்டிருந்தார். நல்ல பிள்ளை, தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதவில்லை. உன் மாமாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். என் தம்பி பிறந்ததிலிருந்து ஒரு சைக்கிளைக்கூடச் சொந்தமாக வைத்திருந்ததில்லை, ஆனால் உலகத்தில் ஓடுகிற அத்தனை வண்டிக்கும் அவனிடம் அபிப்பிராயம் இருக்கிறது. மெக்கானிக் வருவதற்கு முன்னாலேயே வந்தான், டயரை ஒரு உதை உதைத்தான், பழைய இரும்புக்குப் போடு அக்கா என்றான், காப்பி குடித்தான், போய்விட்டான்.

இத்தனை பேர் தீர்ப்புச் சொன்னீர்களே தவிர, நன்றாக இருந்த வண்டி எப்படிக் கெட்டது என்று ஒருவராவது கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் நான் அப்போது உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்கிறேன், பதறாதே, எல்லாம் முடிந்த கதை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலையில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். நீ போன் செய்தபோது ஒரு கையில் மாவுக்கட்டோடுதான் எல்லாம் நல்லா இருக்கு என்று சொன்னேன். விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்த உன் அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆனால் வண்டி இருக்கிறது என்ற ஞாபகம் வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டுமே. என்னைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டுச் சாவியைத் திருகினார், முதல் திருகிலேயே வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. எப்படி என்று என்னைப் பெருமையோடு ஒரு பார்வை பார்த்தார். வலியில் உயிர் போகிறது எனக்கு, இவருக்குப் பாராட்டு வேண்டியிருக்கிறது. அப்புறம் கியரைப் போட்டார், கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. கையால் குத்தினார், காலால் மிதித்தார், கெஞ்சினார்கூட. கடைசியில் எங்கள் தெருவுக்குத் தினமும் துணி கொண்டுவரும் சலவைக்கடை வேன்காரர்தான் என்னை ஏற்றிக்கொண்டு போனார். யாரோ ஒரு வக்கீலுடைய கறுப்புக் கோட்டு முகத்தில் உரச, தேய்த்து மடித்த சட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். இறங்கும்போது சட்டையில் ரத்தம் படவில்லையே என்று நான் கேட்டதற்கு, உங்களுக்கு ரத்தமே வரலம்மா என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். திறந்து பார்த்துவிட்டு, மீட்டர் வயரைக் கழட்டி வச்சிருக்கீங்களா என்று உன் அப்பாவைக் கேட்டாராம். ஆறு வருஷத்தில் வண்டி இவ்வளவு குறைவாகத்தான் ஓடியிருக்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. அந்த மனுஷன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: சார், ஓடித் தேஞ்ச வண்டிய நான் ஆயிரம் பாத்திருக்கேன், இது நின்னே கெட்டிருக்கு, க்ளட்ச் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு, பிரேக் ஒட்டிக்கிச்சு, எஞ்சின்ல இருக்கற ஆயில் பால் ஊத்துன காப்பி மாதிரி இருக்கு, யாரு உங்களுக்கு இப்படி தினமும் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தச் சொன்னது? உன் அப்பா திருதிருவென்று முழித்துக்கொண்டு, எம் பொண்ணு என்றாராம்.

ஆமாம், நீதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் நீ முழுகாமல் இருந்தபோது வந்து பதினோரு நாள் இருந்தாயே, போகும்போது பானெட்டைத் தட்டிவிட்டு, அப்பா, வண்டி சூப்பரா இருக்கு, பத்திரமா வச்சிருங்க, அடுத்த வருஷம் குழந்தையோட வந்து இதுலதான் சுத்தப்போறேன், தினமும் ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைங்க என்றாய். உனக்கு அது டாக்சியில் ஏறுவதற்கு முன் வாயில் வந்த ஒரு வார்த்தை. உன் அப்பா குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருஷம் வால்வு திறந்து மூடியவர் என்பதை மறந்துவிட்டாய். இத்தனை மணிக்குத் திற, இத்தனை மணிக்கு மூடு என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா, குடிக்க ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆறு வருஷமாகத் தினமும் காலை ஆறே முக்காலுக்கு ஸ்டார்ட், ஆறு ஐம்பத்தைந்துக்கு நிறுத்தம். கேட்டை மட்டும் திறக்க மாட்டார். காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் வண்டியைக் கடந்து நடந்து போய்ப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவோம், கேட்டால், கீறல் விழுந்தா அவ வந்து கேப்பா என்பார். எனக்கு மட்டும் புத்தி எங்கே போயிற்று? பழைய ஜன்னல் திரையைப் பிரித்து, ஓரத்தில் பட்டி வைத்து, கண்ணாடிக்குத் தனியாகக் காது வைத்து வண்டிக்கு உறை தைத்துக் கொடுத்தவள் நான்தான். தெருவில் அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் என்னிடம் சோபாவுக்கு உறை தைக்கக் கொடுத்தார்கள்.

மணிக்கட்டு உடைந்ததில் எனக்கு என்ன கவலை என்று உனக்குத் தெரியும். இடது கை துணியைத் தள்ளிக் கொடுக்காவிட்டால் தையல் மெஷின் இருந்து என்ன செய்ய. ஏழு வாரம் முன் அறையில் மெஷினுக்கு எதிரில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஆணிகள், ஆணிகளில் வாங்கிக்கொண்டு போகாத துணிகள். என்னிடம் ஆல்டரேஷனுக்கு வருகிறவர்களை நான் எப்போதும் ஒன்றுதான் கேட்பேன், நீ சின்ன வயதில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். இதுக்கு இவ்வளவு செலவு பண்ணலாமாம்மா என்று அவர்கள் கேட்டால், போட்டுக்கப் போறீங்களா என்று திருப்பிக் கேட்பேன். ஆமாம், ஆபீசுக்குத் தினமும் போடுவேன் என்றால் கந்தலாக இருந்தாலும் உள்பட்டி மாற்றித் தைத்துக் கொடுப்பேன். இளைச்சதும் போட்டுப்பேன், தம்பி ஊர்லேருந்து வந்ததும் போட்டுப்பான் என்று ஆரம்பித்தால் புதுத் துணியாக இருந்தாலும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவேன். ஏனென்றால் ஆணியில் தொங்குவதெல்லாம் அந்த மாதிரித் துணிதான். ஊரார் சட்டைக்கு இவ்வளவு விவரமாக இருந்துவிட்டு, வீட்டு வாசலில் நாலு சக்கரத்தோடு ஒன்றை ஆறு வருஷம் தொங்கவிட்டிருக்கிறேனே என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் உன் அப்பா மாப்பிள்ளையின் அட்டவணையையும் மெக்கானிக்கின் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். நான் கேட்டேன், போட்டுக்கப் போறீங்களா என்று. புரியாதவர் போல, அவ வந்தா வேணும்ல என்றார். அவ வரலன்னா என்றேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுதான். முகம் தொங்கிப் போய்விட்டது, எழுந்து வெளியே போய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. அந்த இரண்டு நாளும் காலை ஆறே முக்காலுக்கு வண்டி இல்லாத ஷெட்டில் போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தார். அதைப் பார்த்து முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன், உன்மேல் வந்த கோபத்தை இதில் எழுதினால் தாள் போதாது. மூன்றாம் நாள் அவராகவே வந்து, உனக்குக் கைக்குப் பயிற்சி குடுக்க வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்கல்ல, பஸ்ல இந்தக் கையோட நீ எப்படி நிப்பே என்றார். என்னைக் கேட்கிறாரா தன்னையே கேட்டுக்கொள்கிறாரா என்று தெரியவில்லை. மெக்கானிக்குப் போன் போட்டு, பண்ணிடுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே ரிப்பேர் முடிந்துவிட்டது, உங்களையெல்லாம் கேட்காமல். எஞ்சினைப் பிரித்து மாட்டியிருக்கிறார்கள், க்ளட்ச் புதிது, பிரேக் புதிது. நான் உறை தைத்துச் சேர்த்ததில் பாதி போய்விட்டது, போகட்டும். ஆறு வருஷமாக ஓட்டாத மனுஷனை நம்பி நான் எப்படி ஏறுவது? கண் பரிசோதனை முடித்துக்கொண்டு ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார், பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று. சொல்லிக் கொடுக்கிற பெண், தாத்தா கிளட்ச்ச மெதுவா விடுங்க என்று சொல்லிவிட்டாள் என்று நாலு நாள் புலம்பினார். கிளட்ச் என்பதற்கில்லை, தாத்தா என்பதற்கு. அப்படிக் கூப்பிட வேறு ஆள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ. போன வாரம் முதல் தடவையாக என்னை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சிக்னலில் மூன்று முறை எஞ்சினை அணையவிட்டார், பின்னால் இருந்த லாரிக்காரன் எங்கள் இருவரையும் வாழ்த்தினான், உன் அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. நான் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். வரும்போது வேண்டுமென்றே சுற்றுவழியில் வரச் சொன்னேன்.

இன்னும் ஒரு விஷயம், இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வந்தேன். வண்டியைச் சுத்தம் செய்தபோது பின் இருக்கையில் ஒரு குழந்தை இருக்கை இருந்தது, உன் அப்பா அடுத்த வருஷம் வரப்போகிறாய் என்று வாங்கிக் கட்டி வைத்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தேன், மூன்று வயதுக்கு மேல் ஆகாது என்று எழுதியிருக்கிறது. என் பேத்திக்கு ஐந்தரை வயசு. இப்போது அதில் ஒரு காலைத்தான் வைக்க முடியும். சலவைக்கடை வேன்காரருக்குப் போன வருஷம் பெண் பிறந்திருக்கிறது, அவருக்குக் கொடுத்துவிட்டோம். உன் அப்பாவே கழற்றி, அவர் வேனில் வைத்துக் கட்டியும் கொடுத்தார். பெல்ட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை என்று சொன்னால் பொய். குத்தத்தான் எழுதுகிறேன்.

உன் வேலையும் விடுமுறையும் உன் கையில் இல்லை என்று எனக்குத் தெரியும். நீ கெட்டவள் இல்லை, வாயால் சொல்லிவிட்டு அதைச் செய்துவிட்ட மாதிரி நினைத்துக்கொள்கிறவள், அது என்னிடமிருந்து வந்த குணம்தான். உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கு மாத்திரை விழுங்காமல் தலையணையை மாற்று. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும், குழந்தை உன்னைவிடச் சமர்த்தாக வளர வேண்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், சொல்லாமல் வந்தால் விமான நிலையத்திலிருந்து நேராகப் பஸ் இருக்கிறது, நாங்கள் வண்டியில் எங்காவது போயிருப்போம், சாவி பக்கத்து மருந்துக்கடையில் இருக்கும். பெரிய பிள்ளைகளுக்கு என்று வேறு மாதிரி இருக்கை விற்கிறதாம், உன் அப்பா இரண்டு நாளாக அந்தக் கடை வழியாகவே வண்டியை ஓட்டுகிறார், நான் இன்னும் நிறுத்த விடவில்லை. குழந்தையைச் சுவரோரம் நிற்க வைத்து உயரத்தை அளந்து அனுப்பு, கூடவே டிக்கெட் போட்ட தேதியையும் அனுப்பு. தேதி இல்லாமல் அளவை மட்டும் அனுப்பாதே, என் சுவரில் ஆணி காலி இல்லை.

இப்படிக்கு,
ஒன்றரைக் கையோடு மறுபடி மெஷின் முன் உட்கார்ந்துவிட்ட
உன் அம்மா