வெற்று இருக்கையின் பெல்ட்

2005 ஜூன் 19, ஞாயிறு

இன்று முதல் முறையாக விமானத்தைத் தனியாக ஓட்டினேன். பயிற்சியாளர் இறங்கியதும் அவருடைய வெற்று இருக்கையின் பெல்ட்டை நானே பூட்டினேன். தளர்வாகக் கிடந்தால் அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கிவிடும்.

முதல் தடவை தனியாகப் பறந்து இறங்குபவரின் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது எங்கள் கிளப் வழக்கம். இன்று வாளியை என் மனைவி மேரியிடம் கொடுத்திருந்தார்கள். அவள் இந்த விமான மைதானத்துக்கு வந்ததே இன்றுதான்.

நான் இறங்கி வந்தபோது வாளி புல்லில் கவிழ்ந்து கிடந்தது. மேரி சாப்பாட்டு மேசைக்குக் கீழே காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள்.

"என்னப்பா, நான்தானே மேல பறந்தனான்."

"ஓம், நீங்களெண்டு எனக்குத் தெரியும். உடம்புக்குத்தான் தெரியேல்லை."

யாழ்ப்பாணத்தில் குண்டு போட வரும் பிளேன் சத்தத்துக்கு நாங்கள் இருவரும்தான் பங்கர் குழிக்குள் ஓடினோம். நான் மட்டும் எப்படி மறந்தேன்?

லாசாலில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் என் காய்ந்த தலையைத் தடவி, "தண்ணி ஊத்தேல்லை, என்ன?" என்றாள்.

மேலேயிருந்து பார்த்தால் கீழே ஓடும் ஆறு முழுவதும் வெயிலாக இருக்கிறது. அவளைப் பக்கத்தில் இருத்தி அதைக் காட்டத்தான் இரண்டு வருடம் படித்தேன். லைசென்ஸ் கிடைத்த பிறகும் அந்த பெல்ட்டை வெற்று இருக்கைக்குத்தான் பூட்டுவேனோ?