பதினேழு முகங்களும் ஒரு விசிலும்

செப்டம்பர் 9, செவ்வாய்

கூட்டு ரோட்டில் பாரதிக்கு பேனர் வைத்திருக்கிறார்கள். கடைக்குப் போகிற வழியில் பார்த்தேன். மொத்தம் பதினேழு முகம், நின்று எண்ணினேன். நடுவில் கும்பிட்டபடி அரிகிருஷ்ணன், எங்கள் வார்டு கவுன்சிலர். என் தங்கச்சி கீழே இடது மூலையில், பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு. அதன் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'தெற்காசியக் கோப்பையில் கோல் மழை பொழிய வாழ்த்துகிறோம்!'

அவள் எங்கே கோல் போடப்போகிறாள்? அவள் நடுவர். விசில் ஊதுகிறவள். திண்டிவனத்தில் பள்ளிக்கூட வேலையும் பார்த்துக்கொண்டு, ஏழு வருஷம் ஓடி ஓடி, பரீட்சை எழுதி, இப்போது காத்மாண்டு வரைக்கும் போயிருக்கிறாள். இருபது வயதுக்கு உட்பட்ட பெண்கள் கால்பந்துப் போட்டி. ஆறு நாடு. இதைக் கேட்க எங்கள் வீட்டுக்கு ஒருத்தர் வந்திருந்தால்கூடச் சொல்லியிருப்போமே.

ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டே முதலாளி சொக்கலிங்கத்திடம் சொன்னேன். "எல்லாம் ஒரே கிரவுண்டுதானேம்மா. வாழ்த்துறாங்களேன்னு சந்தோஷப்படு" என்றார்.

சந்தோஷப்படணுமாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

பாரதி போன் செய்தாள். இதுவரை இரண்டு ஆட்டம் ஊதியிருக்கிறாள். ஒரு புகாரும் இல்லை. நடுவர்களுக்கெல்லாம் தலைவராக இருக்கிற அம்மா தோளில் தட்டி, "ஃபைனலுக்குத் தயாரா இரு" என்றாராம். ஆனால் அதில் ஒரு சிக்கல்.

"ஃபைனல்ல ஆடுற ரெண்டு டீம்ல ஒண்ணு நம்ம நாடா இருந்துச்சுன்னா, நம்ம நாட்டு ரெஃப்ரிய போடமாட்டாங்கக்கா."

அப்படியென்றால்? இந்தியா ஜெயித்துக்கொண்டே போனால் இவள் கேலரியில் உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான். இந்தியா தோற்றால்தான் இவளுக்கு ஃபைனல்.

"இத யார்கிட்டயும் சொல்லிடாத. வீட்லகூட. அப்புறம் நாடு தோக்கணும்னு நெனைக்கிறாடான்னு பேசுவாங்க."

சொல்லவில்லை. ஆனால் இந்த நோட்டில் எழுதலாம் இல்லையா? இந்தியா தோற்க வேண்டும். எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இந்தியா ஜெயித்துவிட்டது. செமிஃபைனலுக்குப் போய்விட்டது.

பஜாரிலிருந்து பத்து பதினைந்து பேர் எங்கள் தெருவுக்குள் வந்து, எங்கள் வாசலில் சரவெடி வைத்தார்கள். இந்தத் தெரு இங்கே இருப்பதே அவர்களுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது போல. "எங்கம்மா, டிவில உன் பொண்ணு தெரியவே இல்ல? பெஞ்சுலயே உக்கார வெச்சிட்டாங்களா?" என்று ஒருத்தர் அம்மாவிடம் கேட்டார். அய்யா, இந்தியா ஆடும்போது அவள் மைதானத்துக்குள் வர முடியாது! வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாதே.

அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வேணாம்மா, இப்பதான் குடிச்சோம்." ஒருத்தர்கூடத் தொடவில்லை. வெடி வெடிக்க மட்டும் எங்க வாசல் வேணும். எங்க சொம்பு வேணாம்.

செப்டம்பர் 17, புதன்

அம்மா இன்று மேல்மலையனூர் போய்விட்டாள். நாளைக்கு செமிஃபைனல், அங்காளம்மனுக்கு வேண்டிக்கொள்ள வேண்டுமாம். அமாவாசைக்குப் போனால் கூட்டத்தில் அம்மன் முகத்தையே பார்க்க முடியாது என்று முன்கூட்டியே கிளம்பினாள்.

தடுத்துப் பார்த்தேன். "வெயிலு", "உனக்கு முட்டி வலி", "பஸ் இல்ல" என்று என்னென்னவோ சொன்னேன். உண்மையை மட்டும் சொல்ல முடியவில்லை. பெற்ற மகளுக்கு எதிராகவே சூடம் ஏற்றப் போகிறாளே என்று எனக்குத் தலை வெடிக்கிறது. கடைசியில் கத்திவிட்டேன். "சாமி ஒண்ணும் ஃபுட்பால் பாக்காது!"

அம்மா பையில் எலுமிச்சம்பழத்தைப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்து எனக்குக் குங்குமம் வைத்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 18, வியாழன்

தோற்றுவிட்டது. வங்கதேசம் இரண்டு, இந்தியா ஒன்று. நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் குளியலறைக்குள் போய்த் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அப்புறம் அழுதேன். நான் என்ன ஜென்மம்?

செப்டம்பர் 19, வெள்ளி

ஃபைனலுக்கு நடுவர் பாரதி! பெயர் அறிவித்துவிட்டார்கள். நேபாளம், வங்கதேசம் மோதுகின்றன. ஞாயிறு சாயங்காலம் ஐந்தேகால் மணி.

எல்லாரிடமும் சொல்ல இனி தடை இல்லையே என்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அரிகிருஷ்ணனிடம் ஓடினேன். ஃபைனலுக்கு பஜாரில் பெரிய திரை கட்டப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"திரைய கேன்சல் பண்ணிட்டேன்மா. இந்தியா இல்லாத மேட்ச எவன் வந்து பாப்பான்?"

"என் தங்கச்சி இருக்குறாளேண்ணா. அவதான் மெயின் ரெஃப்ரி."

"அது சரிம்மா. ஆனா அவ ஆடலியே."

ஆடலியே! பத்து நாளைக்கு முன்னால் கோல் மழை பொழியச் சொன்ன வாய்தானே அது? ஆடாதவள் என்று அன்றைக்குத் தெரியாது, இன்றைக்கு மட்டும் நன்றாகத் தெரிந்துவிட்டது. அந்த மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஆடுவார்கள். அத்தனை பேரும் ஒருத்தி விசிலுக்கு நிற்க வேண்டும், ஒருத்தி விசிலுக்கு ஓட வேண்டும். அந்த ஒருத்தி இந்த ஊர்க்காரி. அதற்கு ஒரு வெள்ளைத் துணி கட்ட இவர்களுக்கு மனசு வரவில்லை. ஊரில் இருக்கிற செஞ்சிக்கோட்டையைப் பற்றி மட்டும் வாய் கிழியப் பேசுவார்கள்.

ஞாயிறு லீவு கேட்டேன். "மகாளய அமாவாசை. மலையனூர் போற கூட்டம் பூரா மஞ்சள் சேலை, சிவப்பு சேலை கேட்டு இங்கதான் வரும். நீ இல்லாம முடியாது" என்றார் முதலாளி.

சாயங்காலம் வரும்போது கூட்டு ரோட்டில் வெறும் சவுக்குக் கம்புதான் நின்றது. பேனரைக் கழற்றிவிட்டார்கள்.

செப்டம்பர் 20, சனி

யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாலரை மணிக்கு பில் மெஷினை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். வரிசையில் இருபது பேர் நின்றார்கள். முதலாளி "மகாலட்சுமி!" என்று கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் அம்மா, நைனா, நான், மூன்று பேர்தான். பக்கத்து வீட்டு பீமாராவ் வந்து, தன் போனை எங்கள் டிவியோடு இணைத்துக் கொடுத்தான்.

கறுப்பு உடுப்பில் பாரதி வந்தாள். இரண்டு அணிக்கும் நடுவில் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள். நைனா எழுந்து நின்றுவிட்டார்.

வங்கதேசம் ஒரு கோல் போட்டது. எண்பத்தெட்டாவது நிமிஷம் நேபாளம் போட்டது. சொந்த ஊர்க் கூட்டம், மைதானமே எழுந்து குதிக்கிறது. பாரதி விசில் ஊதினாள். கோல் இல்லை, கையில் பட்டது என்று தன் கையைத் தட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். ஏழெட்டுப் பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். கேலரியிலிருந்து தண்ணீர் பாட்டில் பறக்கிறது. ஐயோ, தப்பா குடுத்துட்டாளா?

"பின்னால போவாதம்மா... பின்னால மட்டும் போவாத" என்று நைனா டிவியைப் பார்த்துக் கெஞ்சினார்.

போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, கேப்டனுக்கு மஞ்சள் அட்டை காட்டினாள். அப்புறம்தான் ரீப்ளே போட்டார்கள். நேபாளத்துப் பெண்ணின் முழங்கையில் பந்து பட்டது, பளிச்சென்று. நான் போட்ட சத்தத்தில் பீமாராவ் வீட்டு நாய் குரைத்தது.

ஆட்டம் முடிந்தது. வங்கதேசம் ஜெயித்தது. நைனா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அம்மாவைச் சீண்டினேன். "நீ வேண்டிக்கினது பலிக்கல பாத்தியா? இந்தியா தோத்ததாலதான் உம் பொண்ணுக்கு இது கெடச்சிது."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் எங்கடி இந்தியாவுக்கு வேண்டிக்கினேன்? பாரதி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா. உங்கிட்ட சொல்லாதன்னா. இந்தியாவுக்கு வேண்டிக்க ஊரே இருக்குது. எம் பொண்ணுக்கு யாரு இருக்குறாங்க?"

அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். புதன்கிழமை கத்தியதற்கும் சேர்த்து.

செப்டம்பர் 22, திங்கள்

வேலை போகவில்லை. முதலாளியின் மனைவி வேதநாயகி அம்மா எனக்காகப் பேசியிருக்கிறார். கடையில் மூன்று பேர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார்கள். மூன்று பேரும் கேட்டது ஒன்றுதான்: "இந்தியா எப்படிக்கா தோத்துச்சு?"

செப்டம்பர் 25, வியாழன்

பாரதி வந்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு தனியாகவே நடந்து வந்தாள். கணுக்கால் வீங்கியிருக்கிறது. ஃபைனலில் ஊதிய விசிலை அம்மாவிடம் கொடுத்தாள். அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினாள்.

செப்டம்பர் 26, வெள்ளி

பேப்பரில் பாரதி மஞ்சள் அட்டை காட்டும் படம் வந்திருக்கிறது. எட்டு மணிக்கே அரிகிருஷ்ணன் வாசலுக்கு வந்துவிட்டார். கையில் போன், போனில் புது பேனர்.

"இந்த வாட்டி கரெக்டா நடுவர்னு போட்டுட்டேன், பாரு."

பார்த்தேன். அதே பதினேழு முகம். பாரதியைக் கொஞ்சம் பெரிதாக்கியிருந்தார்கள், அதே மூலையில். எனக்கு வாய் வரைக்கும் வசவு வந்துவிட்டது. அதற்குள் அம்மா போனை வாங்கி, ஒவ்வொரு முகமாக விரல் வைத்து எண்ணினாள். உள்ளே போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்து வந்தாள். அவர் முகத்துக்கு நேராக ஊதினாள்.

தெருவே வெளியில் வந்தது. அரிகிருஷ்ணன் இரண்டடி பின்னால் போனார்.

"எம் பொண்ணு மூஞ்சி ஒண்ணு போதும். போட்டா அத மட்டும் போடு. இல்லன்னா வுடு" என்றாள் அம்மா. உள்ளே காலில் ஒத்தடம் வைத்துக்கொண்டிருந்த பாரதி சிரித்த சிரிப்பு வாசல் வரை கேட்டது.

செப்டம்பர் 29, திங்கள்

கூட்டு ரோட்டில் பேனர் கட்டியிருக்கிறார்கள். ஒரே முகம். இரண்டு தரம் எண்ணினேன். அடியில், பொடி எழுத்தில் அரிகிருஷ்ணன் பெயர் இருக்கிறது. போகட்டும்.