அந்த ஸ்விட்ச் வேண்டாம்

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். மெக்கானிக் வந்தால், காரில் அடுத்த பக்கக் கதவுக் கண்ணாடிக்கும் மோட்டார் மாட்ட விடாதீர்கள்.

நேற்று சீட் நனைந்ததற்குக் கத்தினீர்கள். "பழைய ரெண்டு சீட்டு ரேஸ் காரு, எலும்பும் தோலுமா இருக்கு, மழையில எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் கதவில் பாதிக்கு ஏறியது. கதவைத் தள்ளினேன், அசையவில்லை. என் தோள்வலிக்காக நீங்கள் ஆசையாக வைத்துக் கொடுத்த கண்ணாடி ஸ்விட்சை அமுக்கிக்கொண்டே இருந்தேன். தண்ணீர் புகுந்து மோட்டார் நின்றுவிட்டது, கண்ணாடி இறங்கவே இல்லை. அலறினேன், மழையில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் பக்கத்து சீட்டுக்குத் தாவி, அந்தப் பக்கக் கண்ணாடியை இறக்கும் பழைய கைப்பிடியைச் சுற்றினேன். தோள் வலியில் உயிர் போனது. ஆனால் கண்ணாடி இறங்கியது. அந்த வழியாகத்தான் வெளியே வந்து விழுந்தேன். பிறகு ஒரு லாரிக்காரர் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவிட்டார்.

உங்கள் மேல் கோபமில்லை. தினமும் அதை ஓட்டுவது நீங்கள்தானே, நாளைக்கு நீங்கள் உள்ளே மாட்டிக்கொண்டால்?

சாவியைத் தேடாதீர்கள், என் பையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி மாட்டியதும் தருகிறேன். அந்த மோட்டாரைக் கழற்றினால் வண்டி கனம் குறைந்து வேகமாகவும் ஓடும், உங்களுக்குச் சந்தோஷம்தானே.

இன்னொன்று. சாயங்காலம் நான் பஸ்ஸில் திரும்பும்போது பஸ் ஸ்டாப்புக்கு வந்துடுங்க. நடந்தே வாங்க. பாலத்தைத் தனியா தாண்ட பயமா இருக்கு.