ஷிஃப்ட்டை அமத்தினால் தெரியும்

11.9.2000, திங்கள்

சோளகக் காற்று இன்னும் ஓயவில்லை. வீதி முழுக்கப் புழுதி. நெளுக்குளத்திலிருந்து கொம்பியூட்டர் வகுப்புக்குப் போவதற்குள் மூன்று சோதனைச்சாவடி. மூன்றிலும் இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டவேண்டும். வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பல்லுக்குள் மண்.

வகுப்பை நடத்துகிற பாதர், நல்ல மெஷினில் லினக்ஸ் போட்டுப் பழகக் கடைசியில் ஓம் என்றார். "விண்டோஸ் அழிஞ்சுதெண்டால் உம்மையும் சேர்த்து அழிச்சுப்போடுவன், சுதன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பகிடி இல்லை. வகுப்பில் உருப்படியான கொம்பியூட்டர் அந்த ஒன்றுதான். மற்றவை பிள்ளைகள் தட்டச்சுப் பழக மட்டும்.

கொழும்புக் கம்பனியின் நேர்முகம் 28ஆம் திகதி, வியாழன். கடிதத்தில் தெளிவாக இருக்கிறது: விண்டோஸ் உள்ள மெஷினில், அதை அழிக்காமல் லினக்ஸ் போட்டு, இரண்டும் எழும்புவதைக் காட்டவேண்டும். எடுபட்டால் வேலை, தங்க இடம், கொழும்பில் பதிவு. எடுபடாவிட்டால் திரும்பவும் இதே சாவடி, இதே புழுதி.

வன்னிக்குள்ளிருந்து வந்தவனுக்கு இந்த வவுனியாவில் இருக்க ஒரு பாஸ். ஊரை விட்டுப் போக இன்னொரு பாஸ். நாய்க்குக்கூட ஒரு லைசன்ஸ்தான்.

செய்ய வேண்டியவை:
பிள்ளைகளின் வேலையை பிளொப்பியில் எடுத்தல் (பிளொப்பி காணாது)
டிஸ்க்கை ஒதுக்கிப் பிரித்தல்
பாஸ் விண்ணப்பம், பாதரின் கடிதம்
அம்மாவுக்குக் கடிதம். விசுவமடுவுக்குப் போகிற ஆள் பிடிக்கவேண்டும்
சவர்க்காரம்

12, செவ்வாய்

பாஸ் கந்தோர். வரிசை. வெயில். கிளார்க் தலை நிமிராமல்: "கொழும்பிலை ஆர் பொறுப்பு?" கம்பனிக் கடிதத்தைக் காட்டினேன். "கம்பனி ஆளில்லை. ஆளின்ரை கையெழுத்து வேணும்." எனக்குக் கொழும்பில் ஆள் இருந்தால் நான் ஏன் இங்கே நிற்கிறேன்?

பின்னேரம் டிஸ்க்கை ஒதுக்க விட்டேன். சிதறிக் கிடக்கிற எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளினால்தான் மற்றப் பக்கத்தை வெட்டி எடுக்கலாம். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. ஸ்ரெல்லா அக்கா வந்து எட்டிப் பார்த்தா. வேர்ட் படிப்பிக்கிறவா. முல்லைத்தீவுக் கரை, தகப்பன் கடற்தொழில். இப்போது நலன்புரி முகாமில், கடலே இல்லாத ஊரில் ஐஸ் மீன் வாங்கிச் சாப்பிடுகிற குடும்பம்.

"என்னடாப்பா, மெஷின் நித்திரையோ?"

"ரெண்டாப் பிரிக்கப் போறன் அக்கா. ஒரு பக்கம் விண்டோஸ், மற்றப் பக்கம் லினக்ஸ்."

"எங்கடை முகாம் கொட்டில் மாதிரி. நடுவிலை சீலையைக் கட்டிப்போட்டு ரெண்டு குடும்பம். சண்டை வராதோ?"

"ஒரு நேரத்திலை ஒராள்தான் எழும்பும்."

"அப்ப உங்கடை மெஷின் எங்களைவிடத் திறம்."

முக்கால்வாசி முடிய கரண்ட் போனது. நாளைக்கு முதலிலிருந்து.

14, வியாழன்

பிரித்தேன். இரு கூறாக வந்தது, ஒரு பைலும் போகவில்லை. சீடியை (பாதரின் தம்பி ஒரு ஆங்கிலச் சஞ்சிகையோடு இலவசமாக வந்ததென்று அனுப்பியது) போட்டு லினக்ஸ் ஏற்றினேன். பிறகு நிறுத்தித் திரும்பப் போட்டால், கறுப்புத் திரை. இடது மூலையில் L, பக்கத்தில் I. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. LILO என்று நாலு எழுத்து வரவேண்டும். அதுதான் எந்தச் சிஸ்டத்தை எழுப்புவதென்று கேட்கிற வாசற்காரன். பாதி பேரைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனான்.

லினக்சும் இல்லை. விண்டோசும் இல்லை.

பாதர் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். ஏசியிருக்கலாம்.

விண்டோஸ் பிளொப்பியால் எழுப்பி, பழைய வாசலைத் திரும்ப எழுதினேன். விண்டோஸ் வந்தது. பிள்ளைகளின் வேலை எல்லாம் இருக்கிறது. ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு மதிலோரம் குந்தியிருந்தேன். நிமிர ஏலாத களைப்பு.

பிழை இப்போது விளங்குகிறது. எழும்புவதற்கு வேண்டிய துண்டு டிஸ்க்கின் கடைசியில் போய்க் கிடந்தது. இந்தப் பழைய மெஷினின் கண் அவ்வளவு தூரம் எட்டாது. முன்பக்கத்தில் அதற்கு ஒரு சின்ன இடம் விடவேண்டும்.

சவர்க்காரம் மறந்தாயிற்று.

17, ஞாயிறு

காலையில் பாதரும் எல்லாரும் பூசையில். வகுப்பில் நான் மட்டும். எல்லாம் திரும்பவும். இந்தமுறை முன்பக்கத்தில் சின்ன இடம்.

LILO. நாலு எழுத்தும். கீழே கேள்வி. linux என்று அடிக்க வரி வரியாக ஓடி, கடைசியில் பெயர் கேட்டது. நிறுத்தி, திரும்பப் போட்டு, win என்று அடிக்க மேகம் போட்ட அதே படம். திரும்ப linux. திரும்ப win. பைத்தியம்போல எத்தனை தரம் என்று தெரியாது.

சொல்ல ஒருவரும் இல்லை. கோயிலில் கடைசிப் பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வர, பெருமாள் அண்ணை முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டிருந்தார். நான் இருக்கும் அறை அவருடையது. தேயிலைத் தோட்டத்து ஆள், சிறுவயதில் மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னியில் ஜெயபுரத்துக்கு வந்து, அங்கிருந்தும் ஓடி, இப்போது இங்கே இன்னொருவனின் வயலில் கூலி.

"என்னாங்க தம்பி, மொகத்துல சிரிப்பு?"

"வேலை சரிவந்திட்டுது அண்ணை."

"நல்லது தம்பி. நம்மள்ல ஒருத்தராவது போய்ச் சேரட்டும்."

அவருடைய மனைவிக்கு ஒரு கண் மங்கிக்கொண்டு வருகிறது. கண்டிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்களாம். இரண்டு மாதமாகப் பாஸ் கேட்கிறார். ஒவ்வொரு முறையும் நாளைக்கு வா. நாளைக்குப் போனால் நேற்று ஏன் வரவில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு இதைச் சொல்லிச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தச் சனம் எப்படிச் சிரிக்கிறது?

19, செவ்வாய்

பாஸ்: "விசாரிக்கிறம்." இன்னும் ஒன்பது நாள்.

ஸ்ரெல்லா அக்கா குசினிப் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினா. "பக்கத்து வீதியிலை ஆமி செக்கிங். கடையளிலை கொம்பியூட்டர் போட்டுப் பாக்கிறாங்களாம். உம்மடை மெஷின் போட்ட உடனை கறுப்பா வந்து ஏதோ கேக்குதே, அது என்னெண்டு கேட்டால் என்ன சொல்லுவீர்?"

"லினக்ஸ் எண்டு சொல்லுவன்."

"ஓம், அவனுக்கு உடனை விளங்கும்! தம்பி, அதை மறையும்."

மறைத்தேன். கேள்வி கேட்கும் வரியை எடுத்துவிட்டேன். இனிப் போட்டால் நேரே விண்டோஸ். எழும்பும் நேரம் ஷிஃப்ட்டை அமத்திப் பிடித்தால் மட்டும் மற்றது தெரியும்.

யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. சாவடிக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி, பையிலிருந்து தடைசெய்த பற்றரியை எடுத்துச் சப்பாத்துக்குள் போடுகிற கை. சுவரில் தொங்கும், இயக்கத்துக்குப் போன அண்ணன்மாரின் படத்தை அரிசிப் பானைக்குள் தாழ்க்கிற கை. எதை ஒளிக்கவேண்டும், எதை ஒளிக்கத் தேவையில்லை என்ற கணக்கே எங்களுக்கு இல்லாமற் போய்விட்டது. எல்லாவற்றையும் ஒளிப்பது.

20, புதன்

வந்தார்கள்.

பிள்ளைகளை வெளியே மாமரத்தடியில் இருத்தினார்கள். ஒரு கப்டன், இளவயது, மூக்குக்கண்ணாடி. மெஷின்களை ஒவ்வொன்றாகப் போடச் சொன்னான். கடைசியில் நான் லினக்ஸ் போட்டது. கறுப்புத் திரையில் LILO என்று ஒரு கணம் வந்து மறைந்தது. அந்தச் சொல்லை என்னால் எடுக்க முடியவில்லை. அது எப்படியும் வரும். சாதாரண ஆள் கண்டிருக்கவே மாட்டான்.

அவன் கண்டான். நிறுத்தித் திரும்பப் போடச் சொன்னான். தானே குனிந்து ஷிஃப்ட்டை அமத்தினான்.

"இது லினக்ஸ்." உடைந்த தமிழ். "லினக்ஸ் பிரச்சினை இல்லை. ஏன் ஒளிச்சது?"

பிள்ளைகளுக்குக் குழம்பும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

"பிள்ளைக்குக் குழப்பம். எனக்குக் குழப்பம் இல்லையா?"

பாதர் முன்னுக்கு வந்தார். "நான்தான் போடச் சொன்னனான்." "ஒளிக்கவும் நீங்க சொன்னதா, பாதர்?" பாதர் பொய் சொல்லமாட்டார்.

மெஷினை ஜீப்பில் ஏற்றினார்கள். என் அடையாள அட்டையையும் கொண்டுபோனார்கள். நாளை மறுநாள் ஆமி முகாமுக்கு வரவேண்டும்.

ஸ்ரெல்லா அக்கா அழுதா. "நான்தானே தம்பி சொன்னனான்."

பாதர்: "திறந்து விட்டிருந்தால் ஒரு கேள்வியோடை போயிருப்பான்."

தெரியும். தெரியும். தெரியும்.

22, வெள்ளி

பாதர் முகாம் வாசல்வரை வந்தார். உள்ளே விடவில்லை.

இரவு முழுக்க நினைத்திருந்த எதுவும் நடக்கவில்லை. ஒரு மேசை, ஒரு விசிறி, தேத்தண்ணி. என் டிஸ்க்கை அந்தக் கப்டன் முழுக்கப் பார்த்து முடித்திருந்தான். "கிளீன். ஸ்டியூடன்ட் லெட்டர் மட்டும் இருக்கு." பிறகு அந்தச் சின்ன முன்பக்க இடத்தைக் காட்டி, ஏன் இப்படி என்று கேட்டான். சொன்னேன். LI என்று நின்றதைச் சொன்னேன். அவன் மேசையில் தட்டிச் சிரித்தான். அவனுக்கும் அதே LI. பட்டாளத்துக்கு வருமுன் ஒரு வருடம் படித்தானாம். இங்கே அதைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் இல்லையாம்.

"என் மெஷினுக்கும் போடுங்க. மெனு தெரியவேணும். ஒளிக்கவேண்டாம்." தன் பகிடிக்குத் தானே சிரித்தான்.

மாட்டேன் என்று சொல்லலாமா? அடையாள அட்டை அவன் மேசை லாச்சியில்.

போட்டேன். இதுவரை செய்ததில் அதுதான் சுத்தமான வேலை. ஒரு இடத்திலும் தடக்கவில்லை. நடுவில் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிட்டது.

நான் எழும்பும்போது லினக்ஸ் எதற்கு என்று கேட்டான்; நேர்முகத்தைச் சொன்னேன். அடையாள அட்டையோடு, ஒரு துண்டில் ஏதோ எழுதித் தந்தான். பாஸ் கந்தோரில் அதே கிளார்க் எழும்பிக் கதிரையை இழுத்துப் போட்டார். "இருங்கோ தம்பி." கொழும்பு ஆள் கையெழுத்து இனித் தேவையில்லை. பாஸ் 27 தொடக்கம் 29வரை. சீல் குத்திய கை எவ்வளவு லேசாக எழும்பி விழுந்தது.

25, திங்கள்

மெஷின் திரும்பி வந்தது. ஜீப்பில், வகுப்பு நேரத்தில், கப்டனே இறங்கி. எல்லாப் பிள்ளைகளும் பார்க்க என் தோளில் தட்டி, "குட் லக், மச்சான்" என்றான். நல்ல மனத்தோடுதான் சொல்லியிருப்பான். அப்படித் தட்டு வாங்கியவனுக்கு இங்கே காட்டிக்கொடுப்பவன் என்று பெயர்; அது அவனுக்குத் தெரியவேண்டிய தேவை இல்லை.

பின்னேர வகுப்புக்கு அரைவாசிப் பிள்ளைகள் வரவில்லை.

ஸ்ரெல்லா அக்கா வேர்ட் பாடம் எடுத்தா. என்னோடு கதைத்தது ஒன்று மட்டும். "முகாமிலை வேறை என்ன கேட்டவங்கள்?"

"ஒண்டும் கேக்கேல்லை அக்கா."

"ஓம்" என்றா.

26, செவ்வாய்

பாதரிடம் சொல்லிவிட்டு வந்தேன். கொழும்பில் தன் தம்பி வீட்டு விலாசம் தந்தார். சேட் தோய்த்தேன். சவர்க்காரம் வாங்கியாயிற்று. அம்மாவுக்கு எழுதவில்லை. என்னத்தை எழுதுவது?

கடைச் சந்தியில், என் முதுகுக்குப் பின்னால்: "உவன்தான். நேரே உள்ளுக்குப் போய் வாற ஆள்." குரலில் வெறுப்பு இல்லை. அதுதான் விளங்கவில்லை.

27, புதன். ரயிலில்

நேற்றுக் கேட்ட குரல் காலையில் விளங்கியது. படலையைத் திறக்க ஒழுங்கையில் நாலைந்து பேர். முன்னால் பெருமாள் அண்ணையும் மனைவியும். பெருமாள் அண்ணை சேட் போட்டுப் பொத்தானெல்லாம் பூட்டியிருந்தார்.

"சார்" என்றார்.

முந்தநாள்வரை தம்பி.

"கப்டன் ஐயா நீங்க சொன்னா கேப்பாராம். எல்லாரும் சொல்றாங்க. இவளுக்கு கண்டிக்கு ஒரு பாஸ், சார்."

எனக்கு அங்கே ஒரு செல்வாக்கும் இல்லை, ஒரு மெஷின் செய்து கொடுத்தேன், அவ்வளவுதான் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஒரு அடி கிட்ட வந்து மெதுவாக:

"தெரியுங்க சார். இத்தன பேருக்கு முன்னால அப்படித்தான் சொல்லணும்."

கத்தவேண்டும் போல இருந்தது. மனைவி மங்கிய கண்ணைச் சுருக்கி என் முகத்தைத் தேடினார். பிறகு மடித்த கிளினிக் துண்டை நீட்டினார். வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன். வாங்காமல் படலையைத் தாண்ட முடியாது.

ஆமி முகாம், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில்தான். நேரமும் இருந்தது. கேட்டிருந்தால் கப்டன் பாஸ் கொடுத்தும் இருப்பான். ஒன்று கேட்டால் அது வழக்கமாகிவிடும், திரும்பி வரும்போது ஒழுங்கை முழுக்க நிற்கும், நானும் ஒரு பாஸ் தரகன் ஆகிவிடுவேன்: இப்படியெல்லாம் சைக்கிளில் எனக்கு நானே நியாயம் சொன்னேன். பொய். அவனுடைய மனம் மாறி என் பாசை வாங்கி வைத்துவிடுவானோ என்ற பயம். அவ்வளவுதான். காவலில் நின்றவன் கைகாட்டினான். நானும் காட்டினேன். நிறுத்தவில்லை.

மதவாச்சி தாண்டி, முகம் துடைக்கக் கைலேஞ்சியை இழுக்க அந்தக் கிளினிக் துண்டும் கூட வந்தது. அசல். இது இல்லாமல் பெருமாள் அண்ணையின் மனைவியால் வவுனியாவில் கிளினிக் நம்பர்கூட எடுக்க முடியாது.

விரித்துப் பார்த்தேன். அடுத்து வரவேண்டிய நாள் என்று எழுதியிருப்பது நாளைய திகதி, 28.