கான்வாய் தவறியவர்

டெலானிபூர் குவார்ட்டர்ஸ், செவ்வாய்

தூக்கம் வரவில்லை.

காலையில் ஓர் அடிதடி வழக்கில் பெயரைக் கூப்பிட்டபோது பாராடாங் தீவிலிருந்து சாட்சி சொல்ல வரவேண்டிய பெரியவர் ஆஜராகவில்லை. நீதிபதியாக எனக்கு இது முதல் வாரம். கண்டிப்பானவள் என்று பேர் வாங்கும் அவசரம் வேறு. மனசு இருந்தால் நேரத்துக்கு வந்திருப்பார் என்று இந்தியில் சொல்லி, வாரண்ட் போட்டேன்.

மதியம் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். ஃபெர்ரி பழுதாகி, காலைக் கான்வாயைத் தவறவிட்டிருக்கிறார். ஜாரவா பழங்குடியினர் வாழும் காட்டுச் சாலையில் போலீஸ் காவலோடு வண்டிகள் சேர்ந்துதான் வர முடியும், தனியாக விடமாட்டார்கள். எனக்கா இது தெரியாது? நான் பாராடாங்கில் பிறந்தவள். சட்டம் படிக்க மெயின்லேண்ட் போகும்வரை எந்தப் பரீட்சை என்றாலும் அப்பா முந்தின நாளே என்னைப் போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்துவிடுவார். "கான்வாய நம்பிப் பரீட்சை எழுத முடியாதும்மா" என்பார்.

வாரண்டை ரத்து செய்தேன். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவரை நான் இந்தியிலேயே பேசியதால், எனக்குத் தமிழ் தெரியாது என்று பெரியவர் நினைத்திருப்பார். பெஞ்ச் கிளார்க்கிடம் மெல்லச் சொன்னார்: "விடுங்க தம்பி. மெயின்லேண்ட்ல இருந்து வந்த அம்மா. நம்ம ரோட்டப் பத்தி அவங்களுக்கு எப்படித் தெரியும்? அவங்க மேல தப்பில்ல."

கிளார்க்குக்கு என் ஊர் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொல்லி, இந்தியிலேயே, "அகலா கேஸ்" என்றேன்.