மூக்கு எழும்பாத கார்

மச்சான்,

இன்று காலை புது றெசின் வாளியின் மூடியைக் கழற்றினேன். அந்த மணம் ஏறியதும் நீ பக்கத்தில் நின்று தும்முவதுபோல இருந்தது. வருசக்கணக்காக விமான எண்ணெய் மணத்துக்குள் கிடந்தவன், இந்த றெசினுக்கு மட்டும் விடாமல் தும்முவாய். "இந்த நாத்தத்துக்குள்ள எப்படிடா சோறு தின்னுறாய்?" என்று கேட்டுக்கொண்டே என் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து மீன் துண்டை எடுத்துக்கொள்வாய்.

இன்றைக்கு றெசின் கலக்குவது தோணிக்கு அல்ல, நமது காருக்கு. தரையில் ஓடும் வாகனங்களின் உலக வேகச் சாதனையை உடைக்க ஜெட் கார் கட்டுகிற அந்த வெளிநாட்டுக் குழு, நாம் அனுப்பிய காரின் மூக்கு வடிவத்தைப் பெரிதாகச் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறது. காற்றைச் சீறவிட்டுச் சோதிக்கிற காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். பதில் வந்ததும் காத்தான்குடிக்கு ஓடிப்போய் உன் மனைவியிடம் சொன்னேன். "ஓம், அவர் அப்பவே சொன்னாரே, பதில் வருமெண்டு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனா. குசினிக்குள் போன பிறகுதான் அழுதா.

நீ வளைகுடாவை விட்டு ஒரேயடியாக வந்து இறங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மற்றவர்கள் ரீவியும் கம்பளியும் கொண்டு வருவார்கள். விமான எஞ்சின் பழுது பார்த்த நீயோ, துவாய்க்குள் சுற்றித் தேங்காய் அளவில் ஒரு ஜெட் எஞ்சினைக் கொண்டு வந்தாய். விளையாட்டு விமானங்களுக்குப் பூட்டுவது. நேரே நாவற்குடாவுக்கு வந்து, நான் பைபர் தோணி செய்கிற கொட்டிலுக்குள் நுழைந்து, அதை என் மேசையில் வைத்தாய்.

"மச்சான், உனக்கு உடம்பு செய்யத் தெரியும். எனக்கு எஞ்சின் தெரியும். உலகத்திலயே வேகமான காருக்குப் படம் கீறுவமா?"

ரியூசன் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலும் இப்படித்தான் கேட்பாய், ஐஸ்பழம் தின்னப் போவமா என்கிற மாதிரி. நான் ஓம் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்மா முடிந்ததும் மடிக்கணினியோடு வந்துவிடுவாய். திரையில் காரின் மேலால் காற்று நீலமும் சிவப்புமாக ஓடும். ஒலியை விட வேகமாகப் போகிற காருக்கு எஞ்சின் பெரிய பிரச்சினை இல்லை என்பதை நீ சொல்லித்தான் அறிந்தேன். றப்பர் டயர் பிய்ந்து போகும் என்பதால் முழு உலோகச் சில்லுப் போடுவார்கள், அதுவும் முடிகிற காரியம். ஆனால் மூக்குக்குக் கீழே கொஞ்சம் காற்றுப் புகுந்தால் போதும், கார் மேலே கிளம்பிக் கரணமடித்துவிடும். "வாழ்க்கை முழுக்கப் பறக்க வைக்கச் சம்பளம் வாங்கினன். இப்ப பறக்காம வைக்கிறதுக்கு மண்டையப் போட்டு உடைக்கிறன்" என்பாய்.

ஊரில் நம்மைக் கேலி பண்ணாத ஆள் இல்லை. பள்ளமும் குழியுமான நம்ம ரோட்டுக்கு ஜெட் கார் ஒன்றுதான் குறை என்றார்கள். நீ ஒருவரோடும் கோவித்ததில்லை. "ரோட்டு எங்கயும் கிடக்கட்டும் காக்கா, காத்து எல்லா இடத்திலயும் ஒரே காத்துத்தானே" என்று அண்ணன்முறை கொண்டாடி அவர்களுக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுப்பாய்.

ஆள் நீளத்துக்கு ஒரு மாதிரிக் கார் செய்தோம். கோடையில் வாவி பின்வாங்கி, செங்கலடிப் பக்கம் ஒரு தரவை சிமெந்துத் தரைபோல் காய்ந்து கிடந்தது. புல்கூட இல்லாத வெட்டவெளி. எருமைகளை ஓரத்துக்கு விரட்டிவிட்டு, விமான ஓடுபாதையில் செய்வதுபோல கூட வந்த எல்லாரையும் வரிசையாக நடக்கவிட்டுக் கல்லையும் மட்டிச்சிப்பியையும் பொறுக்க வைத்தாய். என் மனைவி சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றா. புது வாகனமாம், சும்மா விடக் கூடாதாம். நீ யோசித்துப் பார்த்துவிட்டு, "நசிச்சுப் போட்டுத் தோலப் பொறுக்கிடுங்க மச்சாள். எஞ்சின் உறிஞ்சினா அதுக்கு வேற தேசிக்காய் வெட்டணும்" என்றாய்.

பிறகு றிமோட்டைக் கையில் எடுத்து, பழக்கதோசத்தில் "டேக் ஓஃப்!" என்று கத்தினாய்.

கார் சொல்வழி கேட்டது. விசில் அடித்துக்கொண்டு போனது, வேகம் பிடித்ததும் மூக்கைத் தூக்கி, கரணமடித்து, தூரத்தில் மிச்சமிருந்த வாவித் தண்ணிக்குள் தலைகீழாகப் பாய்ந்தது. எருமைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

சேற்றுக்குள் இறங்கி இழுத்து வந்தோம். நான் உன் முகத்தைப் பார்க்கவே இல்லை. நீ காரின் மூக்கில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் தடவினாய். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாய்.

"மச்சான், நீ தோணியெல்லோ கட்டியிருக்காய்!"

படத்தில் எல்லாம் சரியாக இருந்தது. உடம்பு வார்க்கிற அச்சைத் தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பாக்கும்போது என் கை தன்பாட்டில் மூக்கை உயர்த்தியிருக்கிறது. தோணிக்கு முன்பக்கம் எழும்ப வேண்டும், இல்லாவிட்டால் அலை உள்ளே ஏறும். அத்தனை வருசமும் அதைத்தானே செய்தேன்! "தோணி எழும்பினா மீன் வரும். இது எழும்பினா ஓட்டுறவன்ட மையத்துத்தான் வரும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய்.

மறு வெள்ளிக்கிழமை நீ மடிக்கணினி இல்லாமல் வந்தாய். நெஞ்சில் அடைப்பாம், கொழும்பில் ஆப்பரேசன் செய்ய வேண்டுமாம். நான் கொட்டிலைப் பூட்டப் போனேன், நீ விடவில்லை.

"ஆப்பரேசனுக்குப் போக முதல் அது எழும்பாம ஓடுறத ஒருதரம் பாக்கணும்டா. மறுகா என்ன நடந்தாலும் பறவாயில்ல."

எனக்குச் சரியான கோபம் வந்தது, பயமும்தான். வாய்க்கு வந்தபடி ஏசினேன். நீ அரத்தாளை எடுத்து மூக்கைத் தேய்க்கத் தொடங்கினாய், மூச்சு வாங்க வாங்க. பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அதைப் பறித்து நானே தேய்த்தேன். நீ ஸ்டூலில் இருந்துகொண்டு என் கைக்கு மேல் உன் கையை வைத்துக்கொண்டாய். என் கை எழும்புகிற இடத்தில் எல்லாம் மெல்ல அமத்துவாய். "கீழ... இன்னும் கொஞ்சம் கீழ... காணும், போதும்." கிழமைக் கணக்கில் அப்படித்தான் தேய்த்தோம். உன் மனைவி பழைய குடைத்துணியை வெட்டி, காரை நிறுத்தப் பின்னால் விரிகிற பரசூட் தைத்துத் தந்தா.

ஆப்பரேசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மறுபடியும் தரவைக்குப் போனோம். உன்னை நடக்க விடாமல் மரக்கதிரை ஒன்றில் இருத்தினோம். நீ கதிரையில் இருந்தபடியே "அங்க ஒரு சிப்பி கிடக்கு, இஞ்ச ஒரு கல்லு" என்று எங்களைப் படாதபாடு படுத்தினாய். இந்தமுறை றிமோட்டை என்னிடம் தந்தாய். நான் விசையை முன்னே தள்ளினேன்.

விசில் சத்தம் கூடிக் கூடிப் போனது. கார் அசையாமல் நிற்பதுபோல் இருந்தது, அடுத்த கணம் அந்த இடத்தில் இல்லை. வெள்ளைப் புழுதி மட்டும் நேர்கோட்டில் நீண்டது. எங்கோ தொலைவில் கறுப்புக் குடைத்துணி விரிந்தது. நான் காரைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். கதிரையை உதைத்துத் தள்ளிவிட்டு எழும்பி நின்று, இரண்டு கையையும் உயர்த்திக் கத்தினாய்:

"பறக்கல்ல! மச்சான், பறக்கல்ல! மயிரளவும் எழும்பல்ல!"

ஒரு பொருள் பறக்காததற்கு இவ்வளவு சந்தோசப்பட்ட விமானக்காரன் உலகத்தில் நீ ஒருத்தனாகத்தான் இருப்பாய். ஓடிவந்த உன் மனைவி முதலில் உன்னை ஏசினா, பிறகு எல்லாரோடும் சேர்ந்து கத்தினா. மூக்கின் படத்தையும் அந்த ஓட்டத்தின் வீடியோவையும் அங்கிருந்தே அந்த வெளிநாட்டுக் குழுவுக்கு அனுப்பச் சொன்னாய். அனுப்பினோம்.

ஆப்பரேசனிலிருந்து நீ திரும்பி வரவில்லை. பதில் வந்தபோது உன் கபுறு மண்ணில் புல் முளைத்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை, ஆறாது. ஆனால் உன்னை நினைத்தால் முதலில் வருவது உயர்த்திய அந்த இரண்டு கைகள்தான், அதனால் அழுகை கொஞ்சம் பிந்தித்தான் வருகிறது. குழுவுக்கு எழுதும்போது, வடிவமைத்தவர்கள் இருவர் என்றுதான் எழுதினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஆரையம்பதியிலிருந்து மீன்பிடிக்கிற தம்பி ஒருவர் போன மாதம் வந்தார். நான் செய்து கொடுத்த புதுத் தோணியைப் பற்றித் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணன், கோவிக்காதீங்க. தோணி நல்ல பலம். ஆனா முன்பக்கம் குனிஞ்செல்லோ கிடக்கு. கொஞ்சம் காத்தடிச்சாலும் தண்ணி உள்ளுக்க வருகுது."

என் தோணியிலா? நம்பாமல் கரைக்குப் போனேன். மூக்கில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடித் தடவினேன். அவர் சொன்னது சரி. அப்படியே மணலில் குந்தியிருந்து சிரித்தேன், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அந்தத் தம்பி பயந்துபோய் எனக்குத் தண்ணி எடுக்க ஓடினார்.

தோணியைக் கொட்டிலுக்குக் கொண்டு வந்து மூக்கை உயர்த்திக் கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் தோணி வேலை தொடங்கும்போது, கையைக் கொஞ்சம் எடுடா மச்சான் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.